முழங்கால் எங்கே போகும்?

ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவர் பழைய மாருதி 800 காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால், அவர் இறங்குவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தூத்துக்குடி பீச் ரோட்டில் அப்படி ஓர் அண்ணாச்சியைப் பார்த்தேன். முதலில் கதவு திறந்தது. வலது கால் மட்டும் வெளியே வந்து தரையைத் தொட்டது. அப்புறம் குனிந்து தலையை வெளியே நீட்டினார். இடது முழங்கால் ஸ்டீயரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதைக் கையால் தள்ளிவிட்டுத்தான் எழுந்தார். பேன்ட்டில் முழங்காலுக்குச் சற்று மேலே ஓர் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. ஸ்டீயரிங் விளிம்பு தினமும் உரசும் இடம் அது.

"சீட்டைப் பின்னால தள்ளிக்கலாமே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கடைசி வரைக்கும் தள்ளியாச்சு தம்பி. இதுக்கு மேல அது போவாது" என்றார்.

ஏன் போகாது? போனால்தான் என்ன ஆகும்? முதலில், கார் ஓட்டுபவரின் உடம்பை வண்டி எங்கெங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

நம் கடற்கரையில் வள்ளம் ஓட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். சுக்கானைப் பிடித்தபடி நிற்பார், கால் வலித்தால் விளிம்பில் உட்காருவார், இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் மாறிக்கொள்வார். உயரமானவரோ குட்டையானவரோ, தனக்கு வசதியான இடத்தை அவரே தேடிக்கொள்ளலாம். கார் ஓட்டுபவரால் அது முடியாது. அவர் பாதம் பெடல் மேல் இருக்க வேண்டும். கை ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும். கண் முன்கண்ணாடிக்கு நேராக இருக்க வேண்டும். இடுப்பு சீட்டில் இருக்க வேண்டும். இந்த நான்கில் மூன்றைக் கார்த் தொழிற்சாலையே ஓரிடத்தில் நிறுத்தி வைத்துவிட்டது. பழைய கார்களில் நகரக்கூடியது இடுப்பு மட்டும்தான். அதுவும் சீட்டுக்கு அடியில் இருக்கும் இரும்புத் தண்டவாளம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்குத்தான். காலில், எங்கும் நிறுத்தி வைக்கப்படாத ஒரே மூட்டு முழங்கால். ஆகவே மீதி எல்லா இட நெருக்கடியும் அதன் தலையில்தான் வந்து விழுகிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு ஈர்க்குச்சி, ஒரு ஸ்கேல், ஒரு தாள் இருந்தால் போதும்.

தாளில் ஒரு நேர்கோடு போடுங்கள். அதில் 15.6 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். இடது புள்ளி இடுப்பு, வலது புள்ளி பெடல். இப்போது ஈர்க்குச்சியை 9 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டாக வெட்டுங்கள். ஒன்று தொடை, இன்னொன்று முழங்காலுக்குக் கீழே உள்ள கால். தொடையின் ஒரு முனையை இடுப்புப் புள்ளியிலும், கீழ்க்காலின் ஒரு முனையை பெடல் புள்ளியிலும் வைத்து, மற்ற இரு முனைகளும் மேலே தொட்டுக்கொள்ளும்படி சாயுங்கள். அவை தொடும் இடம்தான் முழங்கால். கோட்டிலிருந்து அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தால் 4.5 செ.மீ. வரும். முழங்கால் கோணத்தைக் கோணமானியால் அளந்தால் 120 பாகை.

அடுத்து நெட்டையான அண்ணாச்சியை உட்கார வைப்போம். இன்னும் இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் 10.4 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். புள்ளிகளை நகர்த்தாதீர்கள், சீட் கடைசி வரை போய் நின்றுவிட்டது அல்லவா? குச்சிகளைச் சாய்த்து முழங்காலின் உயரத்தை அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட 6.9 செ.மீ.

நன்றாகக் கவனியுங்கள். ஒவ்வொரு குச்சியும் நீண்டது 1.4 செ.மீ.தான். ஆனால் முழங்கால் 2.4 செ.மீ. மேலே ஏறிவிட்டது! நம் மாதிரியில் 1 செ.மீ. என்பது உண்மையான காலில் 5 செ.மீ. அப்படியென்றால் தொடையும் கீழ்க்காலும் தலா 7 செ.மீ. நீளமாக இருக்கிற ஒருவருக்கு, முழங்கால் 12 செ.மீ. உயர்ந்துவிடும். அந்த 12 செ.மீ. உயரத்தில்தான் ஸ்டீயரிங்கின் கீழ் விளிம்பு காத்திருக்கிறது.

எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்கள் குச்சி இல்லாமலே இதைப் போட்டுப் பார்க்கலாம். முழங்காலிலிருந்து கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இறக்கினால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். அப்புறம் பிதாகரஸ் பார்த்துக்கொள்வார். 9 இன் வர்க்கம் 81, அதில் 7.8 இன் வர்க்கமான 60.84 போனால் 20.16, அதன் வர்க்கமூலம் சுமார் 4.5. நீளக் குச்சிக்கு 108.16 இலிருந்து அதே 60.84 போக 47.32, வர்க்கமூலம் சுமார் 6.9.

நெட்டைக் காலின் கோணத்தையும் அளந்து பாருங்கள். 120 பாகை சுருங்கி 97 பாகைக்கு வந்திருக்கும். ஓட்டுபவரின் முழங்கால் சுமார் 110 முதல் 130 பாகை வரை விரிந்திருந்தால் சௌகரியம் என்று சீட் வடிவமைப்பவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். நீளக் குச்சிகளுக்கு மறுபடி 120 பாகை கிடைக்க, இடுப்புப் புள்ளியை எவ்வளவு பின்னால் தள்ள வேண்டும்? தள்ளித் தள்ளிப் பாருங்கள். 2.4 செ.மீ. தள்ளியதும் கிடைக்கும். உண்மையான காரில் அது 12 செ.மீ.

சீட்டின் முதுகைச் சாய்த்துக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். உயரமானவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் முதுகு சாயும்போது நகர்வது தலையும் தோளும்தான். இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும், ஆகவே முழங்காலுக்கு ஒரு விரல் இடம்கூட அதிகம் கிடைக்காது. தோள் பின்னால் போனதால் கை ஸ்டீயரிங்குக்கு எட்டாமல் நீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டிவரும். கழுத்து வலி கூடுதல் வரவு.

சரி, பழைய கார்களில் மட்டும் இது ஏன் இவ்வளவு மோசம்? ஒரு காரணம் ஸ்டீயரிங்கின் அளவு. இன்றைய கார்களில் சக்கரத்தைத் திருப்ப மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ உதவுகிறது. அதற்குப் பவர் ஸ்டீயரிங் என்று பெயர். அது இல்லாத காலத்தில் கைபலம் மட்டும்தான். நிற்கிற வண்டியில் டயரைத் திருப்ப வேண்டும் என்றால் ரோட்டின் உராய்வை வெல்ல வேண்டும். நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த விசை போதும். 40 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கைத் திருப்ப 10 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும் என்றால், அதே வேலைக்கு 36 செ.மீ. ஸ்டீயரிங்கில் 11 கிலோவுக்கு மேல் வேண்டும். அதனால் அந்தக் காலத்துக் கார்களுக்குப் பெரிய பெரிய ஸ்டீயரிங் வைத்தார்கள். கைக்கு மிச்சமான உழைப்பு, முழங்காலின் இடத்தை எடுத்துக்கொண்டது.

கிளட்ச்சும் இதே நெம்புகோல் கதைதான். உள்ளே இருக்கும் முரட்டு ஸ்பிரிங்கைக் காலால் அழுத்த முடியவேண்டும் என்றால், பெடல் நீண்ட தூரம் போய் வர வேண்டும். பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் இடது முழங்காலும் மேலே வரும். அண்ணாச்சிக்கு மாட்டிக்கொண்டது இடது கால் என்பது தற்செயல் இல்லை. இதோடு இன்னொரு சங்கடம்: சின்னக் கார்களில் முன் டயருக்கான குழி, ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்துக்குள் புடைத்துக்கொண்டு வரும். நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவதால், பெடல்களைக் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். முகம் நேராக, கால் கோணலாக, நடுவில் இடுப்பு முறுக்கிக்கொண்டு கிடக்கும்.

இனி அந்தத் தண்டவாளம். அதை நீளமாகப் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். மாருதி 800 இன் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2 மீட்டர் 17.5 செ.மீ. ஓட்டுபவர் கால், பின்சீட்டில் இருக்கும் அப்பத்தா கால், நடுவில் சீட்டின் பருமன் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். முன்சீட் பின்னால் வரும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் பின்னால் இருப்பவர் முழங்காலிலிருந்து எடுத்தது.

வண்டியே ஏன் இவ்வளவு குட்டை? 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 இன் சாவி கைமாறியது. அந்த வண்டி ஜப்பானின் சுசுகி குடும்பத்துக் குட்டிக் கார்களின் வழியில் வந்தது. ஜப்பானில் குட்டிக் கார் என்று வரிச்சலுகை பெற வேண்டுமானால் அந்நாளில் நீளம் 3.2 மீட்டரையும், அகலம் 1.4 மீட்டரையும் தாண்டக்கூடாது என்று சட்டம் இருந்தது. அந்த நாட்டுச் சட்டத்தில் எழுதிய எண்கள் கடல் தாண்டி வந்து இந்த ஊர்க்காரர் முழங்காலை இடிக்கின்றன! இருந்தாலும் அந்த வண்டியைக் குறை சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து மூக்கைக் குட்டையாக்கி, மிச்சம் பிடித்த இடத்தை ஆட்களுக்குக் கொடுத்த வடிவம் அது. 1959 இல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் தன் மினி காரில் செய்து காட்டிய உத்தி. அது இல்லாவிட்டால் இருக்கும் இடமும் இருந்திருக்காது.

அதற்கு முன்னால் நம் ரோடுகளை ஆண்ட அம்பாசடர் பெரிய வண்டிதானே என்று தாத்தாவைக் கேட்டால், ஆமாம் என்பார். அவர் பின்சீட்டில் உட்கார்ந்ததை நினைத்துச் சொல்வார். பின்னால் தாராளம்தான். ஓட்டுபவர் மட்டும் பெரிய ஸ்டீயரிங்குக்கு நெருக்கமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் முன்பக்கம் ஒரே நீளப் பெஞ்சாக இருக்கும். தள்ளினால் முழுப் பெஞ்சும் நகரும். ஓட்டுபவர் நெட்டை, பக்கத்தில் உட்காருபவர் குட்டை என்றால் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும்.

"எல்லாருக்கும் பொதுவாக ஒரு நடுத்தர அளவு வைத்துவிட்டால் என்ன?" இந்த யோசனை அமெரிக்க விமானப்படைக்கும் வந்தது. விமானி அறையைச் சராசரி விமானியின் அளவுக்குச் செய்தார்கள். 1950 வாக்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரிக்கு ஒரு கேள்வி வந்தது. உயரம், மார்பு, கை நீளம், கால் நீளம் என்று பத்து அளவுகளிலும் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கிற விமானி எத்தனை பேர்? 4,063 பேரின் அளவுகளை அலசினார். ஒருவர்கூட இல்லை. கால் சராசரியாக இருந்தால் கை நீளமாக இருந்தது. கை சராசரியாக இருந்தால் இடுப்பு வேறாக இருந்தது. சராசரி மனிதனுக்கென்று செய்த சீட், உண்மையில் யாருக்கும் செய்யாத சீட்! அதற்குப் பிறகுதான் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகரும் சீட்டுகளும், நீளம் மாற்றக்கூடிய வார்களும் வேண்டும் என்று விமானப்படை கேட்டு வாங்கியது.

இன்று சீட் வடிவமைப்பவர்கள் இரண்டு ஓரங்களைப் பிடிக்கிறார்கள். துறைமுக வாசலில் நூறு ஆண் ஓட்டுநர்களை உயர வரிசையில் நிறுத்துங்கள். நெட்டை ஓரத்தில் ஐந்து பேரை விட்டுவிட்டு, அடுத்து நிற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பெண்களை அதேபோல நிறுத்தி, குட்டை ஓரத்தில் ஐந்து பேரை விட்டுவிட்டு அடுத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஓட்ட முடியவேண்டும். நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் தானாக உள்ளே வந்துவிடுவார்கள். ஆனால் எந்த ஊர் வரிசை? இங்கிலாந்து வரிசையும் ஜப்பான் வரிசையும் நம் வரிசையும் ஒன்றல்ல. நம் நாட்டு மக்களின் கை, கால், இடுப்பு அளவுகளைத் தொகுத்து ஆமதாபாதில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997 இல் ஒரு நூலாகவே வெளியிட்டது. தொகுத்தவர் தேப்குமார் சக்கரவர்த்தி. அம்பாசடரும் மாருதியும் நம் ரோட்டுக்கு வந்தது அதற்கு எவ்வளவோ முன்னால்.

இந்தச் சிக்கலுக்கு நம் தமிழ்நாட்டிலேயே செய்த கார் ஒன்று நல்ல விடை சொன்னது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998 இல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ. கூரையை உயர்த்தி, சீட்டையும் உயரத்தில் வைத்தார்கள். உயரத்தில் உட்கார்ந்தால் கால் முன்னால் நீளுவதற்குப் பதில் கீழே இறங்கும். இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெட்டை அண்ணாச்சிக்கு இடுப்பிலிருந்து பெடல் வரை 90 செ.மீ. (15.6 உடன் 2.4 ஐக் கூட்டி ஐந்தால் பெருக்கினால் வருவது) வேண்டும் அல்லவா? இடுப்பு பெடலைவிட 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் தரையில் சுமார் 88 செ.மீ. நீளம் பிடிக்கும். 40 செ.மீ. உயரத்தில் இருந்தால் சுமார் 81 செ.மீ. போதும். காரின் நீளத்தைக் கூட்டாமலே 7 செ.மீ. சம்பாதித்துவிட்டார்கள். கூரை குனிந்திருந்த பழைய கார்களில் இதைச் செய்திருந்தால் முழங்கால் தப்பித்துத் தலை இடித்திருக்கும்.

லாரிகளிலும் இதே காரணத்தால்தான் நிமிர்ந்து உயரத்தில் உட்கார முடிகிறது. ஆனால் பழைய லாரிகளின் கதை வேறு. அந்நாளில் நிறுவனங்கள் எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம் இவற்றோடு முன்முகத்தை மட்டும் கொடுக்கும். கேபினை நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பாடி கட்டும் பட்டறைகளில் கட்டிக்கொள்வார்கள். பல வண்டிகளில் ஓட்டுநர் சீட் என்பது நகராத பெட்டி மேல் ஒரு மெத்தை. ஓட்டுநரே பட்டறைக்குப் போய் உட்கார்ந்து காட்டினால் அவர் காலுக்குத் தக்கபடி அமையும். வண்டி வேறு ஆள் கைக்கு மாறினால், அந்த ஆளின் கால்தான் சீட்டுக்குத் தக்கபடி அமைய வேண்டும்.

தூத்துக்குடித் துறைமுக வாசலில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள், உப்பு லாரிகள், நிலக்கரி லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வரிசை அங்குலம் அங்குலமாக நகரும். இறங்கி நடக்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. அப்படி மடங்கிய காலோடு மணிக்கணக்கில் இருப்பது ஏன் கெடுதல் என்று சொல்கிறேன்.

இதயம் ரத்தத்தைக் காலுக்கு அனுப்பிவிடும். ஆனால் பாதத்திலிருந்து மேலே வர ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டும். அதற்கு உதவுவது கெண்டைக்கால் தசை. நாம் நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளை அழுத்தும். சிரைகளுக்குள் மேல்நோக்கி மட்டும் திறக்கும் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அழுத்தப்பட்ட ரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் மேலே போகும். கால் அசையாமல் இருந்தால் இந்தப் பம்பு நின்றுவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கணுக்காலில் தேங்கும். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த தாத்தாவின் கணுக்காலைக் காலையில் பாருங்கள். சாக்ஸின் பட்டை பதிந்த பள்ளம் தெரியும். நாள் முழுக்க, வருடம் முழுக்க அப்படி இருப்பவர்களுக்குச் சில வேளை சிரைக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடும் ஆபத்தும் உண்டு. உப்பும் நிலக்கரியும் நம் வீட்டு மின்விளக்கும் இந்த லாரி ஓட்டுநர்கள் காலை மடக்கிக்கொண்டு இருப்பதால்தான் வருகின்றன. அவர்களுக்கு நகரும் சீட் என்பது சொகுசு இல்லை. உடம்புக்குத் தேவையான பொருள்.

குட்டையானவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். பெடல் எட்ட வேண்டும் என்று அவர்கள் சீட்டை முன்னால் இழுத்தால் மார்பு ஸ்டீயரிங்குக்கு மிக அருகில் போய்விடும். காற்றுப்பை உள்ள கார்களில் மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். சீட்டின் முன்விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தினால் அங்கேயும் ரத்த ஓட்டம் தடைபடும். அம்மாக்கள் பலர் முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து ஓட்டுவது இதனால்தான்.

இதற்கெல்லாம் பட்டறைகளில் கைவைத்தியம் உண்டு. குஷன் கடையில் மெத்தையின் முன்பகுதியை மட்டும் உயர்த்தித் தருவார்கள், தொங்கும் நெட்டைத் தொடைக்குத் தாங்கல் கிடைக்கும். சிலர் தண்டவாளத்தையே கழற்றி, தரையில் புது ஓட்டை போட்டுப் பின்னால் தள்ளி மாட்டிக்கொள்கிறார்கள். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மோதல் நேரும்போது சீட்டையும் அதில் இருக்கிற ஆளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அந்த நான்கு போல்ட்டுகள்தான். அவற்றுக்கு அடியில் தடித்த இரும்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் தொழிற்சாலை ஓட்டை போட்டிருக்கும். மற்ற இடத்தில் இருப்பது மெல்லிய தகடு. பெல்ட்டும் பழைய இடத்துக்கென்று கணக்குப் பார்த்து வைத்தது.

உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை ஆட்டோவில் ஏறும்போது, ஓட்டுகிற அண்ணனின் சீட்டுக்கு அடியில் பாருங்கள். அதை நகர்த்த லீவர் இருக்கிறதா, தண்டவாளம் இருக்கிறதா? வண்டி நின்று எஞ்சின் அணைந்த பிறகு, அவரிடம் அனுமதி கேட்டு மூன்று அளவுகள் எடுங்கள்: இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், இடுப்பிலிருந்து பிரேக் பெடல். ஐந்தால் வகுத்து அந்த அளவுக்கு ஈர்க்குச்சி வெட்டித் தாளில் வையுங்கள். அந்த அண்ணனின் முழங்காலுக்கு 110 பாகையாவது கிடைக்க அந்தச் சீட் எத்தனை சென்டிமீட்டர் நகர வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்தத் தாளை அவரிடமே கொடுங்கள்.